கோழிக்கறி வாங்கும் முன்: கிருமி ஒரு கேள்வி, மருந்து இன்னொரு கேள்வி

தேனி மாவட்டத்தில் கூடலூரிலிருந்து ஆண்டிபட்டி வரை ஞாயிற்றுக்கிழமை காலையில் கறிக்கடை முன் நிற்பவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: பிராய்லர் கிலோ என்ன விலை, நாட்டுக்கோழி கிலோ என்ன விலை? நாட்டுக்கோழியின் விலை பல நேரம் இரண்டு மடங்கைத் தாண்டும். ஆர்கானிக் என்று எழுதி விற்றால் இன்னும் கூடும். பிள்ளைகளுக்கு நல்லது என்று நம்பித்தான் அந்தப் பணத்தைக் கொடுக்கிறோம்.

அந்தக் கூடுதல் பணம் எதை வாங்கித் தருகிறது, எதை வாங்கித் தராது என்பதைத் தெளிவாகச் சொல்வதே இந்த அத்தியாயத்தின் வேலை. கறி வாங்குபவர், சமைப்பவர், கோழி வளர்ப்பவர், கோழி எரு வாங்கிப் போடும் விவசாயி என நான்கு பேருக்கும் இதில் செய்ய வேண்டிய வேலை இருக்கிறது.

1. இரண்டு கேள்விகளையும் பிரித்துக்கொள்ளுங்கள்

கோழிக்கறியில் நோய்க்கிருமி இருக்கிறதா என்பது முதல் கேள்வி. அந்தக் கிருமி ஆன்டிபயாடிக் மருந்துக்குக் கட்டுப்படுமா என்பது இரண்டாவது கேள்வி. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் "நாட்டுக்கோழியில் கிருமி கிடையாது" என்ற தவறான நம்பிக்கை வருகிறது.

சால்மோனெல்லா, கேம்பைலோபாக்டர், ஈ.கோலி ஆகியவை கோழியின் குடலில் வாழ்பவை. கோழி நன்றாகத்தான் மேயும். நோயின் அறிகுறி எதுவும் தெரியாது. அறுத்து, வெந்நீரில் முக்கி, இறகு பறித்து, குடலை எடுக்கும்போது அவை கறியின் மேல் ஒட்டுகின்றன. ஒரு கோழியின் குடல் கிழிந்தால் அதே தண்ணீரிலும் அதே கட்டையிலும் அடுத்து வரும் பத்துக் கோழிக்கும் பரவும். ஆக, கறியில் எவ்வளவு கிருமி ஒட்டுகிறது என்பதைப் பெரும்பாலும் அறுக்கும் இடம் தீர்மானிக்கிறது.

மருந்துக்கு அடங்காத தன்மை வளர்க்கும் இடத்தில் உருவாகிறது. தீவனத்திலோ தண்ணீரிலோ ஆன்டிபயாடிக் தொடர்ந்து கலக்கும்போது பலவீனமான கிருமிகள் சாகின்றன, தாக்குப்பிடித்தவை பெருகுகின்றன. திராட்சைத் தோட்டத்தில் அடிச்சாம்பல் நோய்க்கு ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால் சில பருவத்தில் அந்த மருந்து கேட்காமல் போவதைக் கம்பம் பள்ளத்தாக்கு விவசாயிகள் அறிவார்கள். கோழியின் குடலிலும் நடப்பது அதேதான். கிருமிகள் இந்தத் தாக்குப்பிடிக்கும் திறனுக்கான மரபணுவை ஒன்றுக்கொன்று கொடுத்து வாங்கவும் செய்யும் என்பது கூடுதல் ஆபத்து.

மருந்து எச்சம் வேறு விஷயம். கோழிக்குக் கொடுத்த மருந்தில் மிச்சம் கறியில் தங்கியிருப்பதுதான் எச்சம். நன்றாகச் சமைத்தால் கிருமி சாகும். மருந்து எச்சம் முழுவதும் போய்விடும் என்று நம்ப முடியாது.

2. ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகள்

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் கடைகளில் விற்ற கோழிகளை ஆராய்ந்து 2005-இல் வெளியான ஆய்வில் ஆர்கானிக் கோழிகளில் 76 சதவீதத்திலும் சாதாரணப் பண்ணைக் கோழிகளில் 74 சதவீதத்திலும் கேம்பைலோபாக்டர் இருந்தது. சால்மோனெல்லாவோ ஆர்கானிக்கில் 61 சதவீதம், சாதாரணக் கோழியில் 44 சதவீதம். கிருமியைப் பொறுத்தவரை ஆர்கானிக் கோழி எந்த வகையிலும் சுத்தம் இல்லை.

அதே ஆய்வின் அடுத்த பாதியைப் பாருங்கள். சாதாரணக் கோழிகளில் கிடைத்த சால்மோனெல்லா டைஃபிமூரியம் கிருமிகள் அனைத்தும் ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட மருந்துகளுக்கு அடங்கவில்லை. ஆர்கானிக் கோழிகளில் கிடைத்த அதே வகைக் கிருமிகளில் 79 சதவீதம், சோதித்த 17 மருந்துகளுக்கும் கட்டுப்பட்டன.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்து 2012-இல் வெளியிட்ட முடிவும் இதையே சொன்னது: கறியில் கிருமி இருப்பதற்கும் வளர்ப்பு முறைக்கும் தொடர்பு இல்லை, ஆனால் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட மருந்துகளுக்கு அடங்காத கிருமி இருக்கும் வாய்ப்பு சாதாரணக் கறியில் 33 சதவீதப் புள்ளிகள் அதிகம்.

திறந்தவெளியில் மேயும் கோழி மண்ணையும் காட்டுப் பறவை எச்சத்தையும் தொடுகிறது. கூடுதல் நாளும் வாழ்கிறது. டென்மார்க்கில் 2001-இல் வெளியான ஆய்வில் ஆர்கானிக் கோழிக் கூட்டங்கள் அனைத்திலும் கேம்பைலோபாக்டர் இருந்தது. சாதாரணக் கூட்டங்களில் அது சுமார் 37 சதவீதம்தான். எனவே தோப்பில் மேய்ந்த கோழி என்பதற்காக அடுப்படியில் கவனத்தைக் குறைக்காதீர்கள்.

மருந்தை நிறுத்தினால் பலன் கிடைக்குமா? கிடைக்கும், அதுவும் சீக்கிரமே. மேரிலாந்து பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 10 சாதாரணப் பண்ணைகளையும் ஆர்கானிக்குக்குப் புதிதாக மாறிய 10 பண்ணைகளையும் 2011-இல் ஒப்பிட்டார்கள். பல மருந்துகளுக்கு அடங்காத என்டரோகாக்கஸ் ஃபீசியம் கிருமி சாதாரணப் பண்ணையில் 84 சதவீதம். மாறிய பண்ணையில் முதல் கூட்டத்திலேயே 17 சதவீதம். கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 2005-இல் குஞ்சுப் பொரிப்பகங்கள் செஃப்டியோஃபர் மருந்தை நிறுத்தியதும், கடைக் கோழியில் அம்மருந்துக்கு அடங்காத சால்மோனெல்லா ஹைடல்பெர்க் 62 சதவீதத்திலிருந்து 7 சதவீதமாகச் சரிந்தது.

3. நம் நாட்டு நிலைமை

டெல்லியில் உள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2014-இல் டெல்லி வட்டாரத்தில் வாங்கிய 70 கோழி மாதிரிகளைச் சோதித்தது. 40 சதவீதத்தில் ஆன்டிபயாடிக் எச்சம் இருந்தது. 17 சதவீதத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட மருந்து. அவற்றுள் ஒன்றான சிப்ரோஃப்ளாக்சசின், நாம் காய்ச்சலுக்கும் வயிற்றுப்போக்குக்கும் விழுங்கும் மாத்திரைதான்.

மற்ற எல்லா மருந்தும் தோற்றபின் மருத்துவர்கள் தீவிர சிகிச்சைப் பிரிவில் எடுக்கும் கடைசி மருந்துகளில் ஒன்று காலிஸ்டின். அதைக் கோழி சீக்கிரம் எடை போட வேண்டும் என்று தீவனத்தில் கலந்துகொண்டிருந்தார்கள். காலிஸ்டினுக்கு அடங்காத தன்மையைக் கிருமிக்குக் கிருமி கடத்தும் மரபணு ஒன்றைச் சீன ஆய்வாளர்கள் 2015-இல் கண்டறிந்தார்கள். சென்னையில் மருத்துவர் அப்துல் கஃபூர் உள்ளிட்டோர் நடத்திய ஆய்வில் மீன், கோழி, காய்கறி உட்பட உணவுப் பொருட்களிலேயே காலிஸ்டினுக்கு அடங்காத கிருமிகள் கிடைத்தன. 2019 ஜூலையில் மத்திய அரசு கால்நடை, கோழி, மீன் வளர்ப்பில் காலிஸ்டினைத் தடை செய்தது. எந்தத் தீவனப் பையிலாவது அந்தப் பெயரைப் பார்த்தால் அது சட்டவிரோதம்.

நம் பகுதிக் கடைகளில் விற்கும் பிராய்லர் பெரும்பாலும் ஒப்பந்தப் பண்ணைகளிலிருந்து வருகிறது. குஞ்சு, தீவனம், மருந்து கம்பெனியுடையது. கொட்டகையும் உழைப்பும் விவசாயியுடையது. அவருக்குக் கிடைப்பது வளர்ப்புக் கூலி. சுமார் 40 நாளில் கோழி 2 கிலோவை எட்டும். பையில் வந்த தீவனத்தில் என்ன கலந்திருக்கிறது என்பது வளர்ப்பவருக்கே தெரியாமல் இருக்கலாம். அதனால் குற்றம் சாட்ட வேண்டியது கொட்டகை விவசாயியை அல்ல. கேள்வி கேட்க வேண்டியது கம்பெனியை.

4. நாட்டுக்கோழி, ஆர்கானிக்: எதை நம்புவது?

* வீட்டுக் கோழி. கொல்லையிலும் தோப்பிலும் மேய்ந்த சிறுவிடை, பெருவிடைக் கோழிகளுக்குத் தொடர்ச்சியாக மருந்து கொடுக்க யாரும் செலவழிப்பதில்லை. மருந்து பற்றிய கேள்வியில் இதுவே முதல் இடம்.
* பண்ணை நாட்டுக்கோழி. கொட்டகையில் நூற்றுக்கணக்கில் அடைத்து, பைத் தீவனம் போட்டு வளர்த்தாலும் பலகையில் நாட்டுக்கோழி என்றுதான் இருக்கும். மருந்து கொடுக்கும் பழக்கத்தில் இது பிராய்லர் பண்ணையைப் போலவே இருக்கலாம். இனம் மாறியதால் மட்டும் மருந்து நின்றுவிடாது.
* ஆர்கானிக். பொட்டலத்தில் விற்றால் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் ஜைவிக் பாரத் முத்திரையைத் தேடுங்கள். 2017-இல் வந்த ஆர்கானிக் உணவு ஒழுங்குமுறை விதிகளின்படி சான்றிதழ் இல்லாமல் அந்தச் சொல்லைப் போட்டுப் பொட்டலம் விற்கக் கூடாது. சாக்பீஸால் பலகையில் எழுதிய 'ஆர்கானிக்' வெறும் வாக்குறுதி.
* "ஆன்டிபயாடிக் இல்லாதது". யார் சோதித்தது, எப்போது சோதித்தது என்று கேளுங்கள். ஆய்வகச் சான்று இருந்தால் காட்டுவார்கள்.

தெரிந்த வளர்ப்பாளரிடம் நேரில் வாங்குவது எந்த முத்திரையையும்விட மேல். கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று: "அண்ணே, தீவனம் எங்க வாங்குறீங்க? கடைசியா என்ன மருந்து, எப்பக் கொடுத்தீங்க? வெள்ளைக்கழிச்சலுக்கு ஊசி போட்டாச்சா?" மூன்றுக்கும் தயங்காமல் பதில் சொல்பவரிடம் வாங்குங்கள்.

5. கறிக்கடையில் பார்க்க வேண்டியவை

1. கோழியை உயிரோடு பாருங்கள். தலை தொங்கி, மூக்கில் நீர் வடிந்து, பின்புறம் கழிச்சல் ஒட்டிக்கொண்டிருந்தால் வேண்டாம்.
2. வெந்நீர் டிரம்மில் உள்ள தண்ணீரைப் பாருங்கள். கலங்கிக் கறுத்திருந்தால், காலையிலிருந்து மாற்றவில்லை என்று பொருள்.
3. குடல் எடுக்கும் இடமும் துண்டு போடும் கட்டையும் வேறு வேறாக இருக்க வேண்டும். வெடிப்பு விழுந்த மரக்கட்டையில் கிருமி தங்கும்.
4. பணம் வாங்கும் கையாலேயே கறியைத் தொடும் கடையைத் தவிர்க்கலாம்.
5. கடைசியாக ஓடும் தண்ணீரிலோ புதுத் தண்ணீரிலோ அலசச் சொல்லுங்கள். "தம்பி, தண்ணிய மாத்திட்டு அலசிக் கொடுப்பா" என்று தினமும் பத்துப் பேர் சொன்னால் கடைக்காரர் மாற்றித்தான் ஆக வேண்டும்.
6. கறியைக் காய்கறிப் பையோடு சேர்க்காமல் தனிப் பாத்திரத்தில் வாங்குங்கள். வெயில் காலத்தில் ஒரு மணி நேரத்துக்குள் வீடு சேர வேண்டும்.

நாட்டுக்கோழியை மஞ்சள் தடவி நெருப்பில் வாட்டுவது நம் வழக்கம். அது மயிரைப் பொசுக்கும், மணம் கொடுக்கும். தோலின் மேல் உள்ள கிருமி ஓரளவு சாகும். குடல் எடுக்கும்போது ஒட்டும் கிருமிக்கு அதற்குப் பிறகுதான் வேலையே தொடங்குகிறது. ஆகவே வாட்டியதை மட்டும் நம்பிவிடாதீர்கள்.

சுத்தமில்லாத கடையைப் பற்றித் தமிழக உணவுப் பாதுகாப்புத் துறையின் 94440 42322 என்ற வாட்ஸ்அப் எண்ணுக்குப் புகைப்படத்துடன் புகார் அனுப்பலாம்.

6. அடுப்படி விதிகள்

இந்தப் பகுதியை வீட்டில் சமைப்பவர் எல்லோரும் படிக்க வேண்டும். மருந்துக்கு அடங்காத கிருமியும் நெருப்புக்கு அடங்கும். எத்தனை மருந்தைத் தாக்குப்பிடிக்கும் சால்மோனெல்லா என்றாலும் கறியின் உட்பகுதி 74 டிகிரி செல்சியஸைத் தொட்டால் செத்துவிடும். குக்கரில் வேகும் குழம்பும் நெடுநேரம் கொதிக்கும் நாட்டுக்கோழிச் சாறும் இந்த அளவைத் தாண்டியவை. ஆபத்து பெரும்பாலும் வெந்த குழம்பில் இல்லை. பச்சைக் கறியைத் தொட்ட கையிலும் கத்தியிலும் இருக்கிறது.

* முதலில் வெங்காயம், கொத்தமல்லி, பச்சடிக்கு வேண்டிய வெள்ளரி ஆகியவற்றை நறுக்கி மூடி வையுங்கள். கறியைக் கடைசியில் எடுங்கள். அரிவாள்மனை ஒன்றுதான் இருக்கிறது என்றால் இந்த வரிசையே பாதுகாப்பு.
* பச்சைக் கோழியைக் குழாயடியில் கழுவ வேண்டாம் என்று பிரிட்டனின் உணவுத் தர நிறுவனம் 2014-இல் ஒரு பிரசாரமே நடத்தியது. தெறிக்கும் துளிகளில் கேம்பைலோபாக்டர் பரவுகிறது. கழுவாமல் சமைக்க மனம் வராது என்றால், அகலமான பாத்திரத்தில் தண்ணீர் நிரப்பி, கறியை முழுக வைத்து, தெறிக்காமல் அலசி, தண்ணீரை மெதுவாக ஊற்றிவிடுங்கள். பிறகு தொட்டியைச் சோப்புப் போட்டுத் தேய்த்து வெந்நீர் ஊற்றுங்கள்.
* மஞ்சளும் கல் உப்பும் கவிச்சியைப் போக்கும். அவை போட்டதால் கிருமி போய்விட்டது என்று எண்ணாதீர்கள்.
* கறியைத் தொட்டபின் 20 விநாடி சோப்புப் போட்டுக் கை கழுவாமல் உப்பு ஜாடியையும் குழந்தையையும் தொடாதீர்கள்.
* மசாலா தடவி ஊற வைப்பது ஃபிரிட்ஜில், கீழ்த்தட்டில், மூடிய பாத்திரத்தில். ஊறிய மசாலாவை வெந்த கறியின் மேல் ஊற்றக் கூடாது.
* பொரிக்கும்போது துண்டு சிறியதாக இருக்கட்டும். தொடைத் துண்டை எலும்பு வரை கீறிப் பாருங்கள். சிவந்த நீர் வந்தால் இன்னும் வேக வேண்டும்.
* சமைத்த குழம்பை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காதீர்கள். மறுநாள் சாப்பிடும்போது ஆவி பறக்கக் கொதிக்க வையுங்கள்.

வெளியில் சாப்பிடும்போது கிரில், ஷவர்மா போன்றவற்றில் மேல்பக்கம் சிவந்து உள்பக்கம் வேகாமல் இருக்கும் வாய்ப்பு அதிகம். 2022 மே மாதம் காசர்கோடு மாவட்டத்திலும் 2023 செப்டம்பரில் நாமக்கல்லிலும் ஷவர்மா சாப்பிட்டு உயிரிழப்பே நேர்ந்திருக்கிறது. வேகாததைத் திருப்பிக் கொடுக்கத் தயங்காதீர்கள்.

7. கோழி வளர்ப்பவர்களுக்கு

நாட்டுக்கோழிகளைக் கூட்டம் கூட்டமாகக் கொல்வது வெள்ளைக்கழிச்சல். அது வைரஸ் நோய். அதற்கு ஆன்டிபயாடிக் பவுடரைத் தண்ணீரில் கலக்கிக் கொடுப்பதில் பணம் போகும், கோழி பிழைக்காது. தடுப்பூசி ஒன்றே வழி: குஞ்சுக்கு முதல் வாரத்தில் சொட்டு மருந்து, எட்டு வாரத்தில் இறக்கையின் தோலுக்கடியில் ஊசி. கால்நடைப் பராமரிப்புத் துறை பிப்ரவரியில் நடத்தும் இருவாரக் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாமில் இலவசமாகவே போடுகிறார்கள். ஊர் முழுக்க ஒரே நேரத்தில் போட்டால்தான் பலன் நிற்கும்.

* கூளத்தை ஈரமில்லாமல் வைத்திருங்கள். கிளறிவிட்டு, தேவைப்பட்டால் சுண்ணாம்பு தூவுங்கள். தண்ணீர்த் தொட்டியைத் தினமும் கழுவுங்கள். இடநெருக்கடியைக் குறையுங்கள். மருந்துச் செலவு தானாகக் குறையும்.
* ஒரு கூட்டம் விற்றபின் கொட்டகையைச் சுத்தம் செய்து சில நாள் காலியாக விட்டு அடுத்த குஞ்சை இறக்குங்கள்.
* கழிச்சல் கண்டதும் தீவனக் கடையில் மருந்து கேட்காதீர்கள். அருகிலுள்ள கால்நடை மருந்தகத்துக்கு இறந்த கோழியைக் கொண்டுபோய்ப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். 1962 என்ற எண்ணில் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியை அழைக்கலாம். கால்நடை மருத்துவக் கல்லூரி ஒன்று தேனி மாவட்டத்திலேயே இயங்குகிறது. அதன் உதவியைக் கேட்டுப் பெறுங்கள்.
* மருத்துவர் எழுதிய ஆன்டிபயாடிக்கைக் கொடுத்தால், விற்பனைக்கு முன் எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்பது டப்பாவிலேயே இருக்கும். அப்படி இல்லாதபோது 2012-இல் வந்த விதிப்படி முட்டைக்குக் குறைந்தது 7 நாள், இறைச்சிக்குக் குறைந்தது 28 நாள். கணக்குப் பாருங்கள்: 40 நாளில் விற்கும் கோழிக்கு 20-ஆவது நாளில் அத்தகைய மருந்து கொடுத்தால் 48-ஆவது நாள் வரை விற்க முடியாது.
* தேதி, மருந்து, அளவு, காரணம் ஆகிய நான்கையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். நேர்மையாக வளர்ப்பவருக்கு அந்த நோட்டுதான் விளம்பரம்.

8. கோழி எருவும் கழிவும்

அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2017-இல் வட இந்தியாவின் நான்கு மாநிலங்களில் 12 பண்ணைகளை ஆராய்ந்தது. கோழிக் கூளத்தில் பல மருந்துகளுக்கு அடங்காத ஈ.கோலி கிடைத்தது, அந்தக் கூளத்தை எருவாகப் போட்ட வயல் மண்ணில் கிடைத்த ஈ.கோலியும் ஏறத்தாழ அதே மாதிரி மருந்துகளைத் தாக்குப்பிடித்தது. கோழி சாப்பிடாத சைவக் குடும்பத்துக்கும் இந்தக் கிருமி வந்து சேரும் வழி இது.

வாழை, திராட்சை, காய்கறிக்குக் கோழி எரு வாங்குபவர்கள் அதைப் பச்சையாகப் போட வேண்டாம். குவித்து, ஈரம் காத்து, அவ்வப்போது புரட்டிவிட்டால் உட்சூடு 55 டிகிரியைத் தாண்டும். வெளிப்பகுதி உள்ளே போகும்படி பல முறை புரட்டி, நன்கு மக்கியபின் போடுங்கள். மண்ணைத் தொடும் கீரை, வெங்காயம் போன்றவற்றுக்குப் பச்சை எரு போட்டால் அறுவடைக்கு முன் 120 நாள் இடைவெளி வேண்டும் என்பது அமெரிக்க ஆர்கானிக் விதி. நாமும் அதைக் கடைப்பிடிக்கலாம்.

கறிக்கடைக் கழிவை முல்லைப் பெரியாற்றிலோ வாய்க்காலிலோ கொட்டக் கூடாது. அந்த ஆறு வைகையில் சேர்ந்து மதுரை வரை குடிநீராகப் போகிறது.

9. வயிறு சரியில்லை என்றால்

சாதாரண வயிற்றுப்போக்கு பெரும்பாலும் உப்பு சர்க்கரைக் கரைசலிலேயே அடங்கும். மருந்துக் கடையில் கேட்டு ஆன்டிபயாடிக் விழுங்காதீர்கள். பழைய சீட்டை நீட்டி வாங்காதீர்கள். மலத்தில் ரத்தம், கடும் காய்ச்சல், சிறுநீர் குறைதல் இருந்தாலும், குழந்தை, கர்ப்பிணி, முதியவர் என்றாலும் உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ போங்கள். கோழிப் பண்ணையில் வேலை செய்பவர் என்றால் அதை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

10. முடிவாக

கூடுதல் விலை கொடுத்து வாங்கும் வீட்டுக் கோழியும் உண்மையான ஆர்கானிக் கோழியும் உங்கள் வீட்டு அடுப்படியைக் கிருமியிலிருந்து காப்பாற்றாது. அதைச் செய்ய வேண்டியவை சோப்பும் நெருப்பும். அந்தப் பணம், மருந்து கலக்காமல் வளர்ப்பவரைத் தாங்கிப் பிடிக்கிறது. நாளை உங்கள் பிள்ளைக்குக் காய்ச்சல் வரும்போது மருத்துவர் எழுதும் மருந்து வேலை செய்ய வேண்டும் என்றால் அப்படிப்பட்ட வளர்ப்பாளர்கள் பெருக வேண்டும். வசதி உள்ளவர்கள் அவர்களிடம் தேடிப்போய் வாங்குங்கள். பிராய்லர்தான் கட்டுப்படியாகும் என்பவர்கள் தாழ்வாக நினைக்க வேண்டியதில்லை; சுத்தமாகக் கையாண்டு நன்றாக வேக வைத்தால் அதிலுள்ள கிருமியால் கெடுதல் வராது. ஆனால் எந்தக் கோழி வாங்கினாலும், அதற்கு என்ன மருந்து கொடுத்தார்கள் என்று கடையில் கேட்பதை மட்டும் விடாதீர்கள்.